பாணுக்கு யார் உறவு?

யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பாணும் பணிஸும் அருகருகே இருக்கும். இரண்டும் கோதுமை மாவில் ஆனவை. இரண்டும் ஒரே போறணையில் வெந்தவை. பெயர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இலத்தீன் மொழியில் பாணுக்குப் பெயர் பானிஸ். இதை அறிந்த ஒருவர், பணிஸ் என்ற சொல் உரோமாபுரியிலிருந்தே எங்களிடம் வந்து சேர்ந்தது என்று சொன்னால், கேட்பவர்களுக்கு மறுக்கத் தோன்றாது. ஆனாலும் அது பிழை. 'பன்' என்ற ஆங்கிலச் சொல்லின் பன்மையான 'பன்ஸ்' எங்கள் நாவில் திரிந்துதான் பணிஸ் ஆனது. அந்த ஆங்கிலச் சொல்லின் முன்வரலாறு தெளிவற்றது. 'வீக்கம்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பதே அறிஞர் பலரின் ஊகம். பானிஸின் உண்மையான வாரிசு பக்கத்தில் இருக்கும் பாண். ஒலியில் அச்சொட்டாகப் பொருந்துவது உறவில்லாமல் நிற்கிறது. கடைசி அசையை இழந்து நிற்பது உறவாக இருக்கிறது. இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பது அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சான்றாகாது. அதை நிறுவ வேறு சான்றுகள் வேண்டும். இதை விளக்க, குடாநாட்டின் நாளாந்தப் பேச்சில் புழங்கும் இந்த ஓரசைச் சொல்லைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

முதலில் பாணின் வம்சத்தைப் பார்ப்போம். இலத்தீனில் பானிஸ் என்றிருந்த சொல், உரோமப் பேரரசு பரப்பிய பேச்சுமொழியிலிருந்து கிளைத்த மொழிகளில் வெவ்வேறு உருவம் எடுத்தது. இத்தாலியர் அதைப் பானே என்கிறார்கள், ஸ்பானியர் பான் என்கிறார்கள், ருமேனியரிடம் அது புய்னே என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கிறது. பிரெஞ்சுக்காரர் கடைசி மெய்யை விழுங்கிவிட்டு, பான் என்பதற்கும் பேன் என்பதற்கும் இடைப்பட்ட ஒரு மூக்கொலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போர்த்துக்கேய மொழியில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த இலத்தீன் னகரத்தை அந்த மொழி உதிர்த்துவிட்டு, அதன் மூக்கோசையை மட்டும் உயிரின்மேல் ஏற்றிவைத்தது. கை என்று பொருள்படும் மானுஸ் அங்கே 'மாவ்ங்' ஆயிற்று. நாய் என்று பொருள்படும் கானிஸ் 'காவ்ங்' ஆயிற்று. பானிஸ் 'பாவ்ங்' ஆயிற்று. மூன்று சொற்களிலும் ஒரே மாற்றம் ஒரே வகையில் நடந்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்திருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளலாம். ஒரே சூழலில் வரும் சொற்கள் எல்லாம் ஒரே வழியில் மாறும்போது அங்கே ஒரு விதி வேலை செய்கிறது. இப்படிப்பட்ட விதிகளைத் தேடுவதுதான் சொற்பிறப்பியலின் முதற்பணி.

இந்தப் 'பாவ்ங்' 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறியது. போர்த்துக்கேயர் கரைதட்டிய இடமெல்லாம் அது இறங்கியது. மும்பையில் வடாபாவ் என்றும் பாவ்பாஜி என்றும் விற்பனையாகும் பண்டங்களில் உள்ள பாவ் இதுதான். மராத்தியில் பாவ் என்றால் கால்பங்கு என்றும் பொருள் உண்டு என்பதால், நான்கு துண்டுகளாக ஒட்டியிருக்கும் ரொட்டிக்கு அந்தப் பெயர் வந்தது என்று அங்கே சிலர் விளக்குவார்கள். காலால் மாப் பிசைந்ததால் வந்த பெயர் என்ற கதையும் உண்டு. இரண்டும் ஒலியை மட்டும் பார்த்துக் கட்டியவை. 1543 இல் போர்த்துக்கேயர் ஜப்பானை அடைந்தார்கள். அங்கே அது பான் என்று நிலைத்தது. சிங்களத்திலும் பான், எங்கள் தமிழில் பாண். இங்கே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சட்டையில் தைக்கும் பொத்தானுக்குப் போர்த்துக்கேயச் சொல் 'பொத்தாவ்ங்'. பாணைப் போலவே அதுவும் அந்த மூக்கொலியில் முடிகிறது. அது தமிழில் பொத்தான், ஜப்பானியத்தில் போத்தான். யாழ்ப்பாணத்தவர் களுசான் என்று சொல்லும் உடுப்புக்குப் போர்த்துக்கேயத்தில் 'கல்சாவ்ங்'. ஆக, அந்த மூக்கொலி தமிழில் ஆன் அல்லது ஆண் என்று முடிவது ஒரு சொல்லுக்கு மட்டும் உரிய விபத்து அன்று. பொத்தானில் றன்னகரம், பாணில் டண்ணகரம் ஏன் என்று கேட்பவர்கள் பணிஸை நினைத்துப் பார்க்கலாம். ஆங்கில 'பன்'னின் மெய்யும் எங்களிடம் டண்ணகரமாகவே மாறியது. பிறமொழி னகரத்தைத் தமிழ்க் காது இரண்டு விதமாகவும் ஏற்றிருக்கிறது.

விதி ஒரு சான்று. சொல்லோடு சேர்ந்து வந்த பொருள் இன்னொரு சான்று. குடாநாட்டில் கோதுமை விளையாது. எங்கள் உணவு அரிசியும் குரக்கனும் ஒடியலும் தினையும் சாமையும் சார்ந்தது. மாவைப் புளிக்க வைத்து, மூடிய அடுப்பில் வெப்பத்தைச் சுற்றிவரப் பாய்ச்சிச் சுடுகின்ற முறை இங்கே இருக்கவில்லை. போறணை என்பது செங்கல்லால் கூடுபோல வளைத்துக் கட்டிய அடுப்பு. அதனுள்ளே விறகை மூட்டி எரித்து, கல் முழுவதும் சூடேறியபின் தணலை ஒதுக்கிவிட்டு, நீண்ட பிடியுள்ள தட்டைப் பலகையால் மாக்கட்டிகளை உள்ளே தள்ளி வாயை மூடிவிடுவார்கள். நெருப்புச் சுவாலை இல்லாமல், கல் உண்ட வெப்பத்திலேயே பாண் வேகும். இந்த அடுப்புக்குப் போர்த்துக்கேயப் பெயர் ஃபோர்னோ. தமிழில் ஃபகரம் இல்லாததால் அது பகரமாகிப் போறணை ஆயிற்று. விசுக்கோத்தும் அப்படியே. ஆங்கில 'பிஸ்கட்' என்பதிலிருந்து அது வந்திருந்தால் 'கோத்து' என்ற வால் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாது. போர்த்துக்கேய 'பிஸ்கோய்த்து' என்பதில் அந்த வால் அப்படியே இருக்கிறது. பண்டமும் அதைச் சுடும் அடுப்பும் உடன்பிறந்த இன்னொரு பண்டமும் ஒரே மொழியின் பெயர்களைத் தாங்கி நிற்கும்போது, மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் சாட்சிகளாகின்றன. எல்லாச் சொல்லும் இவ்வளவு தெளிவாகப் பேசாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 450 கிராம் பாணை இன்றும் ஒரு றாத்தல் பாண் என்றே கேட்கிறோம். றாத்தல் என்பது அடியில் அரபுச் சொல். போர்த்துக்கேயர் அதை 'அர்ராத்தெல்' என்று எடுத்து வைத்திருந்தார்கள். அது அவர்கள் வழியாக வந்ததா, அவர்களுக்கு முன்பே அரபு வணிகர் வாயிலாக வந்ததா என்பதை ஒலி மட்டும் சொல்லித்தராது.

இங்கே ஒரு தடை எழலாம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி நேரடியாக ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகூட இல்லை. அதன்பின் ஒல்லாந்தர் 1795 வரை 137 ஆண்டுகளும், ஆங்கிலேயர் 1948 வரை 150 ஆண்டுகளுக்கு மேலும் ஆண்டார்கள். குறுகிய காலம் இருந்தவர்களின் சொல் நிலைத்து, நீண்ட காலம் இருந்தவர்களின் சொல் ஏன் நிலைக்கவில்லை? விடை இரண்டு பங்கானது. போர்த்துக்கேயர் தொடர்பு 1619 இல் தொடங்கியது அன்று. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அவர்களுடைய பாதிரிமாரும் வணிகரும் மன்னாரிலும் இந்தக் கரைகளிலும் இயங்கினார்கள். 1560 இலும் 1591 இலும் அவர்களுடைய படை நல்லூருக்கு வந்தது. அவர்கள் போனபின்பும், ஒல்லாந்தர் காலத்து இலங்கையின் துறைமுகங்களிலும் கலப்புக் குடும்பங்களிலும் போர்த்துக்கேயமே பொதுமொழியாகத் தொடர்ந்தது. மற்றது, முதலில் வரும் பண்டம் தன் பெயரோடு ஊன்றிவிட்டால், பின்னால் வருபவர்கள் அதே பண்டத்துக்கு வேறு பெயரைத் திணிக்க இடமிராது. ஒல்லாந்தர் பாணை 'ப்ரோட்' என்றார்கள், ஆங்கிலேயர் 'பிரெட்' என்றார்கள். இரண்டும் பாணை அசைக்கவில்லை. ஆனால் ஒல்லாந்தர் புதிதாகக் கொண்டுவந்தவற்றின் பெயர்கள் நிலைத்தன. அவர்களுடைய அலுவலகம் கந்தோர் ஆனது, மேசையின் இழுப்பறை லாச்சி ஆனது, அவர்கள் தோட்டத்து அவரை போஞ்சி ஆனது. யார் எத்தனை ஆண்டு ஆண்டார்கள் என்பதைவிட, எந்தப் பொருளை யார் முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள் என்பதே சொல்லின் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது.

இதைவிட வலிமையான தடை ஒன்று தமிழுக்குள்ளிருந்தே வரும். பாண் என்பது பழந்தமிழ்ச் சொல் அல்லவா? சங்க நூல்களில் பாண்மகள் உண்டு, பாண்கடன் உண்டு. பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளின் பெயரிலேயே பாணர் இருக்கிறார்கள். போர்த்துக்கேயர் என்ற ஓர் இனம் உருவாவதற்கு முன்பே பாண் தமிழில் இருந்தது. போதாததற்கு யாழ்ப்பாணம் என்ற எங்கள் ஊர்ப்பெயரிலும் அது ஒலிக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலை, யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசாகப் பெற்ற மணல்நிலமே யாழ்ப்பாணமாயிற்று என்று சொல்கிறது. அந்தக் கதை வரலாறா என்பது வேறு வழக்கு. அதில் வரும் பாணுக்குப் பொருள் பாட்டு. பண், பாடு என்பவற்றின் இனம் அது. கடையில் வாங்கும் பாணுக்கும் அதற்கும் உறவில்லை. எழுத்தில் ஒன்றாக இருப்பதால் ஒரே சொல் என்று எண்ணுவது, மரபு நன்கறிந்த ஒரு செய்தியை மறப்பதாகும். எங்கள் புலவர்கள் சிலேடையைத் தனிக்கலையாக வளர்த்தார்கள். ஒரே ஒலிக்குள் தொடர்பற்ற இரண்டு பொருள்கள் உட்கார்ந்திருப்பதை நன்றாக அறிந்திருந்ததால்தான் அந்தக் கலை அவர்களுக்குக் கைவந்தது. ஒலியொற்றுமை வேறு, உறவு வேறு என்பதைத் தமிழ்ச் செய்யுள் மரபு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. பாட்டில் அதை இரசிக்கிற நாங்கள், சொல்லாராய்ச்சி என்று வந்ததும் கைவிடுவது நியாயமில்லை.

சின்னச் சொற்களில் இந்த மயக்கம் அதிகம் வருவதற்கு எளிய கணக்கு ஒன்று காரணமாக இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லுக்கு முதலில் வரக்கூடிய மெய்கள் ஒன்பது என்றும், இறுதியில் வரக்கூடியவை பதினொன்று என்றும் வகுக்கிறது. நடுவே பன்னிரண்டு உயிர்களில் ஏதாவது ஒன்று வரலாம். பெருக்கிப் பார்த்தால், பாண், கல், மீன் போன்ற ஓரசை வடிவங்கள் 1188 க்கு மேல் போக முடியாது. எந்த மெய் எந்த உயிரோடு சேரும் என்ற கட்டுப்பாடுகளையும் சேர்த்தால் இன்னும் குறையும். மற்ற மொழிகளுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. இந்தச் சிறு கூட்டுக்குள் உலக மொழிகள் அத்தனையும் தங்கள் சிறு சொற்களை அடக்க வேண்டியிருப்பதால், மோதல் தவிர்க்க முடியாதது. கிரேக்கத்தில் பான் என்றால் 'எல்லாம்'. போலந்து மொழியில் பான் என்றால் 'ஐயா'. ஆங்கிலத்தில் பான் என்றால் வறுக்கும் சட்டி. இந்தியில் பான் என்றால் வெற்றிலை, அது இலையைக் குறிக்கும் பர்ணம் என்ற வடசொல்லின் திரிபு. நான்குக்கும் பாணோடு தொடர்பில்லை. ஆங்கிலேயர் பாண் சுடும் தட்டையும் பான் என்றே சொல்வதால், அங்கே பொருளும் நெருங்கிவந்து ஏமாற்றும். வியட்நாமியர் கோதுமை ரொட்டியைப் 'பான் மீ' என்பதைப் பார்த்து, பிரெஞ்சுக்காரரின் சொல்லே அங்கே போய்விட்டது என்று எண்ணுவோர் உண்டு. பிரெஞ்சுக்காரர் அங்கே போவதற்கு நெடுங்காலம் முன்பே அரிசிப் பலகாரங்களுக்கு அந்த மொழியில் அதே பெயர் இருந்தது; அது சீனத் தொடர்புடையது. பொருளும் ஒலியும் ஒருங்கே பொருந்தியும் உறவு இல்லை.

ஆங்கிலக் கதாசிரியர் லூயிஸ் கரோல் 1877 இல் ஒரு சொல்விளையாட்டை அமைத்தார். அது 1879 இல் 'வானிட்டி ஃபெயர்' என்ற இதழில் வெளியானது. ஒரு சொல்லில் ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும், ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள சொல் வர வேண்டும், இறுதியில் குறித்த இன்னொரு சொல்லை அடைய வேண்டும். இதைத் தமிழிலும் ஆடலாம். பாண், பால், கால், கல், கண். நான்கே படிகளில் பாண் கண்ணாகிவிட்டது. ஒவ்வொரு படியும் சிறியது, ஒவ்வொன்றும் நம்பத்தக்கது போலத் தெரிவது. பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லும் பழக்க இதைவிட நல்ல விளையாட்டு அதிகம் இல்லை. ஆனால் மேடைகளிலும் கட்டுரைகளிலும் சொற்பிறப்பு என்ற பெயரில் அடிக்கடி நடப்பதும் இதே விளையாட்டுத்தான். ணகரம் லகரமாகும், லகரம் ரகரமாகும், நெடில் குறுகும், வேண்டுமென்றால் ஓர் எழுத்து கெடும் என்று தேவைக்கேற்ப அனுமதி எடுத்துக்கொண்டே போனால் எந்தச் சொல்லிலிருந்தும் எந்தச் சொல்லையும் பெறலாம். எதையும் நிறுவக்கூடிய முறை எதையும் நிறுவாது. விளையாட்டில் எழுத்தை மாற்றுபவர் ஆடுபவர். மொழியில் மாற்றுவது விதி. அந்த விதி தனக்கு வசதியான சொல்லில் மட்டும் தோன்றிவிட்டு மற்றச் சொற்களில் மறைந்துபோகாது.

உண்மையான விதி எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தமிழும் கன்னடமுமே காட்டும். எங்கள் பால் அங்கே ஹாலு, பல் அங்கே ஹல்லு, புலி ஹுலி, பாடு ஹாடு. சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகியிருக்கிறது. வரிசையாக நடப்பதால் இது உறவுக்குச் சான்றாகிறது. இதே முறையில் இலத்தீனின் பகரத்துக்கு ஆங்கிலத்தில் ஃபகரம் வரும். தகப்பனைக் குறிக்கும் பாத்தர் அங்கே ஃபாதர், மீனைக் குறிக்கும் பிஸ்கிஸ் அங்கே ஃபிஷ். அப்படியானால் இலத்தீன் பானிஸின் ஆங்கில உறவினரைப் பகரத்தில் தேடக்கூடாது, ஃபகரத்தில் தேட வேண்டும். தேடினால் கிடைப்பது உணவைக் குறிக்கும் 'ஃபூட்'. ஊட்டுதல், மேய்த்தல் என்ற பொருளுடைய ஒரு பழைய அடியிலிருந்து இரண்டும் வந்தன என்று மொழியியலாளர் கொள்கிறார்கள். மேய்ப்பனைக் குறிக்கும் 'பாஸ்டர்' என்ற சொல்லும் அதே அடியைச் சேர்ந்தது. எங்களுக்கு இன்னும் நெருக்கமான உறவு ஒன்று இருக்கிறது. பிற்கால இலத்தீனில் 'உடன்' என்பதைக் குறிக்கும் முன்னொட்டோடு பானிஸைச் சேர்த்து, உடனிருந்து பாண் உண்பவன் என்ற பொருளில் தோழனுக்கு ஒரு பெயர் உண்டானது. 6ஆம் நூற்றாண்டு அளவில் ஃபிராங்க் இனத்தாரின் சட்டத் தொகுப்பில் அந்தச் சொல் தலைகாட்டுகிறது. அந்தத் தோழமைச் சொல்லிலிருந்து பிரெஞ்சில் 'கொம்பாஞி' பிறந்து, கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் வணிகத்துக்குப் பெயராகி, ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் போனது. 1602 இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிதான் 1658 முதல் யாழ்ப்பாணக் கோட்டையில் கொடி ஏற்றியிருந்தது. ஆகவே பாணும் கொம்பனியும் ஒரே குடும்பம். பணிஸ் அந்தக் குடும்பத்தில் இல்லை. காது ஒருபோதும் கண்டுபிடித்திராத உறவு இது. விதியும் ஏட்டுச் சான்றுமே கண்டுபிடித்தன.

இந்த இடத்தில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையாகாது. 1875 இல் பிறந்து 1947 இல் மறைந்த அவர், சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி என்ற பெருமுயற்சியைத் தொடங்கி, அதன் பகுதிகளை 1938 முதல் வெளியிட்டார். தமிழ் அடிகளுக்கும் ஐரோப்பிய மொழிகளின் அடிகளுக்கும் ஆழத்தில் தொடர்பு உண்டு என்பது அவர் கொள்கை. அவ்வளவு பெரிய பன்மொழி அறிஞர் ஒப்புமைகளைக் கண்டு சொல்லியிருக்கும்போது, அவற்றைத் தற்செயல் என்று தள்ளலாமா என்ற கேள்வி மதிப்பிற்குரியது. சொல்லுக்கு அடி தேட வேண்டும், அடிகளை வரிசைப்படுத்த வேண்டும், தமிழை உலக மொழிகளின் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும் என்று குடாநாட்டில் இருந்துகொண்டே அவர் காட்டிய துணிவு என்றும் போற்றத்தக்கது. ஆனால் மிகக் குறுகிய அடிகளை ஒப்பிடும்போதுதான் தற்செயல் மிக அதிகமாகப் புகுந்துவிடும் என்பதை மேலே கண்ட கணக்கு சொல்கிறது. அந்த இடத்தில் அவருடைய முடிவுகள் பெரும்பாலான மொழியியலாளரின் ஏற்பைப் பெறவில்லை. ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் சண்முகதாசோடும் மனோன்மணி சண்முகதாசோடும் சேர்ந்து முன்னெடுத்த தமிழ் - ஜப்பானிய ஒப்பீடும் இதே கேள்வியைச் சந்தித்தது. அப்படிப்பட்ட ஒப்பீட்டுக்குள் யாராவது எங்கள் பாணையும் ஜப்பானியப் பானையும் இணையாக வைத்தால் பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நூற்றாண்டளவில் ஒரே நாட்டுக் கப்பலில் வந்து இறங்கியவை. கடன்சொற்களை முதலில் சலித்து எடுக்காமல் செய்யும் ஒப்பீடு எதையும் நிலைநாட்டாது. ஞானப்பிரகாசரே யாழ்ப்பாண வைபவமாலையை அப்படியே நம்பிவிடாமல், 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதிச் சோதித்தவர். அந்த விமர்சனக் கண்ணை அவருடைய சொல்லாராய்ச்சியிலும் வைப்பது அவர் வழியில் நடப்பதே.

இப்படிக் கறாராக நடந்தால் தமிழின் பெருமை குறைந்துபோகும் என்று அஞ்சுவோர் இஞ்சியைப் பார்க்க வேண்டும். ஆங்கில 'ஜிஞ்சர்' தென்னாட்டுச் சொல்லின் வழிவந்தது என்பதை உலக அகராதிகளே பதிவு செய்திருக்கின்றன. அது ஒலி ஒப்புமையால் மட்டும் கிடைத்த ஏற்பு அன்று. பாலியில் சிங்கிவேர என்ற வடிவம் இருக்கிறது; அதில் இஞ்சியின் பழைய வடிவமும் வேர் என்ற சொல்லும் சேர்ந்து நிற்கின்றன. கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், இலத்தீனில் சிங்கிபெர் என்று ஒவ்வொரு தங்குமிடத்திலும் சொல்லின் தடம் எழுத்தில் கிடைக்கிறது. தமிழில் ஏன் முதற் சகரம் இல்லை என்ற கேள்விக்கும் விதி உண்டு. சிறகு இறகானதுபோலச் சொல்லின் முதற் சகரம் தமிழில் கெடுவது வழமை. அந்த வேர் கப்பலேறிய வணிகப் பாதையும் வரலாற்றில் தெரிந்ததே. வடமொழியாளர் அந்தச் சொல்லைக் கொம்புபோன்ற உருவம் என்று பொருள்படும்படி மாற்றியமைத்தது, ஒலியை வைத்து விளக்கம் கட்டும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதையும் காட்டுகிறது. பாணை இலிஸ்பனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருகிற அதே நான்கு சான்றுகள்தான் இஞ்சியைத் தெற்கிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோகின்றன: மாறாத ஒலிவிதி, இடைவழி வடிவங்கள், சொல்லோடு பயணித்த பொருள், தெரிந்த வரலாறு. ஒன்றில் இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு மற்றதில் வீசிவிட முடியாது. ஊர் தோறும் எழும் ஆதாரமற்ற நூறு சொல் உரிமைகள், ஆதாரமுள்ள இந்த ஒன்றையும் கேலிக்குள்ளாக்கிவிடுகின்றன என்பதுதான் எங்களுக்கு நேர்கிற உண்மையான நட்டம்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் தடையும் உண்டு. அரசைப் பறித்து, கோயில்களை இடித்தவர்களின் சொல்லை ஏன் வைத்திருக்க வேண்டும், அப்பம் என்றோ ரொட்டி என்றோ மாற்றிவிடலாமே என்பது அது. அந்தக் காயம் உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மாற்றுச் சொற்களின் நிலையைப் பார்க்க வேண்டும். தமிழ் வேதாகமம் பாணுக்கு அப்பம் என்ற சொல்லையே எடுத்தது, யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் தலைமுறைகளாக அதுவே வாசிக்கப்பட்டது. இருந்தும் கடையில் யாரும் பாணை அப்பம் என்று கேட்கவில்லை. காரணம், அப்பம் என்பது தாச்சியில் சுடும் வேறு பண்டமாக ஏற்கெனவே இங்கே இருந்தது. ரொட்டி தட்டுக்கல்லில் சுடும் மூன்றாவது பண்டம். போதாததற்கு அந்தச் சொல்லும் வடக்கிலிருந்து வந்த கடன். மூன்று பண்டங்களுக்கு மூன்று பெயர் வைத்திருக்கும் மொழி தெளிவாகவே இருக்கிறது. இன்னொன்றையும் நினைக்க வேண்டும். போர்த்துக்கேயருக்கே அது சொந்தச் சொல் அன்று. அவர்களுடைய முன்னோரை வென்று ஆண்ட உரோமரின் மொழி விட்டுச்சென்ற சொல் அது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் வென்றவனின் உரிமை கழன்று, நாளும் சொல்லிப் பழகியவனின் உடைமையாக அது மாறியிருக்கிறது. றோஸ் பாண், அச்சுப்பாண், பாண்துண்டு, பாண்கடை என்று எங்கள் புணர்ச்சி விதிக்கும் வேற்றுமை உருபுக்கும் அடங்கி நடக்கும் சொல் எங்களுடையதாகிவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியது சொல்லை விரட்டுவதும் அன்று, அதற்குப் பொய்யான தமிழ் வம்சம் தேடிக் கொடுப்பதும் அன்று. சரியாகப் பதிவு செய்வது. விறகுப் போறணைகள் மின் அடுப்புகளுக்கும் எரிவாயு அடுப்புகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. போறணை போனால் அதன் பெயரும் அதனோடு வாழ்ந்த தொழிற்சொற்களும் ஒரு தலைமுறைக்குள் போய்விடும். குசினி, விறாந்தை, அலுமாரி, துவாய், கந்தோர், லாச்சி போன்ற சொற்களுக்கும் இதே நிலைதான். இளையவர் நாவில் ஆங்கிலச் சொற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துவருகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வந்த மொழி, எழுத்தில் முதலில் தோன்றும் ஏடு, ஊருக்கு ஊர் மாறும் உச்சரிப்பு, அது குறித்த பொருளின் படம் ஆகியவற்றோடு யாழ்ப்பாணத் தமிழுக்கு ஒரு வரலாற்று அகராதி வேண்டும். தோம்புகளிலும் பழைய நொத்தாரிசு உறுதிகளிலும் தேவாலயப் பதிவேடுகளிலும் அதற்கான மூலப்பொருள் இருக்கிறது. பாடசாலைகளில் சொல்விளையாட்டை விளையாட்டாகவே கற்பித்து, அடுத்த பாடத்தில் சொல்வரலாற்றை வரலாறாகக் கற்பித்தால், இரண்டையும் குழப்பாத தலைமுறை ஒன்று வளரும். தமிழ் உலகுக்குக் கொடுத்த சொல்லை மற்றவர் ஏற்க வேண்டுமென்று நாம் கேட்பது நியாயமே. தமிழ் வாங்கிய சொல்லையும் அதே சான்றுகளின்படி நாம் ஒப்புக்கொள்ளும்போதுதான் அந்தக் கேள்விக்கு வலு வரும்.